மூணாம் மாசத்துப் பனியன்

எனக்குக் கோர்வையா எழுத வராதுங்க. அஞ்சாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம். அதுலயும் பாதி நாள், தறிக்குத் தார்க்குச்சில நூல் சுத்த ஆள் வேணும்னு எங்கப்பா ஊட்டுல நிறுத்திக்குவார். இப்ப மறதியும் சேந்துக்கிச்சு. முன்னால வர வேண்டியது பின்னால வந்திருந்தா நீங்களே எடுத்து முன்னால வெச்சுக்குங்க. இதை யார் படிக்கப் போறாங்கன்னு நெனச்சாலே கூச்சமா இருக்குது. ஆனாலும் அந்தக்காவைப் பத்தி எழுதாம விட்டா மனசு கேக்கலை.

பேரை எழுதலை. அவங்க பேரன் பேத்தியெல்லாம் இந்தப் பக்கந்தான் இருக்காங்க. கம்பெனில எல்லாரும் டேப்பக்கான்னுதான் கூப்பிடுவோம். நல்லூர்ல ஒரு சின்னப் பனியன் கம்பெனி. தைச்சு வர்ற பனியனை அளவு பாக்கறது அக்கா வேலை. பிசிறு நூலை வெட்டி, மடிச்சு, டஜன் டஜனாக் கட்டறது என் வேலை. ஒரே பலகைல எதிரெதிரா உக்காந்திருப்போம்.

அக்கா கழுத்துல எப்பவும் டேப்பு தொங்கும். ஒரு பக்கம் இஞ்ச், மறுபக்கம் சென்டிமீட்டர். இஞ்ச் போயி சென்டிமீட்டர் வந்துட்டிருந்த காலம் அது. மத்தவங்கெல்லாம் அளவு மாத்திச் சொல்லித் திட்டு வாங்குவோம். அக்காவுக்கு மட்டும் ரெண்டும் தண்ணி பட்ட பாடு. கல்யாண வீட்டுக்கு வந்தாலும் பட்டுச்சேலை, தாலிக்கொடி, அதுக்கு மேல டேப்பு. கேட்டா, "கழட்ட மறந்துட்டேன்ட்டி"ன்னு சொல்லும். மறக்கறதாவது ஒண்ணாவது.

யாராவது சின்னது, பெருசுன்னு சொன்னா அக்காவுக்குப் பொறுக்காது. "சின்னதுன்னா எவ்வளவு? உன் கண்ணு சொல்லுதத நான் எப்படி நம்பட்டும்?"னு கேக்கும். கொழுந்தன் மகளைப் பொண்ணு பாக்க வந்தப்ப, தரகர், "பையன் நல்ல ஒசரமுங்க"ன்னு சொல்லியிருக்கார். அக்கா எந்திரிச்சுப் போயி மாப்பிள்ளையைச் சுவத்தோரமா நிக்க வெச்சு அளந்துருச்சு. "அஞ்சடி மூணே முக்கா இஞ்ச். இதுக்குப் பேரு நல்ல ஒசரமாய்யா?" மாப்பிள்ளை வீட்டார் மூஞ்சி செத்துப் போச்சாம். உடனே பொண்ணையும் இழுத்துட்டு வந்து பக்கத்துல நிறுத்தி, "இவ நாலடி பத்து. பொருத்தம் சரியா இருக்கு, தட்டை மாத்துங்க"ன்னு சொல்லியிருக்குது. அந்தக் கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு.

அக்காவுக்குத் திருச்செந்தூர்ப் பக்கம். புருசன் சாயப்பட்டறைல வேலைன்னு குடும்பத்தோட வந்தாங்க. முதல் நாள் என்னை "ஏட்டி"ன்னு கூப்பிட்டப்ப நான் அழுதே போட்டேன். எங்க பக்கம் கைக்குழந்தையைக்கூட வாங்க போங்கன்னுதான் பேசுவோம். அப்புறம் அது பழகிருச்சு. ஒரு நாள் அக்கா ஏட்டி சொல்லலைன்னா, என்ன கோவமோன்னு நானே கேக்கற அளவுக்குப் பழகிருச்சு.

நான் அப்பக் கல்யாணமாகி நாலாவது வருசத்துல இருந்தேன். அதுக்கு முன்னால ரெண்டு தடவை உண்டாகி, ரெண்டு தடவையும் மூணாம் மாசம் முடியறதுக்குள்ள போயிருச்சு. குடம் தூக்கினேன்னு சொன்னாங்க, மத்தியானத்துல புளியமரத்தடில போனேன்னு சொன்னாங்க. மூணாவது தடவை நாள் தள்ளினப்ப நான் யாருகிட்டயும் மூச்சு விடலை. சொன்னா அதுவும் போயிரும்னு பயம்.

அக்காதான் கண்டுபிடிச்சுச்சு. நான் டஜன் கட்டைத் தூக்காம தரையில தள்ளிக்கிட்டே போனதைப் பாத்துட்டு, "எத்தனை நாளு?"ன்னு கேட்டுச்சு.

"ஒரு நாப்பத்தஞ்சு இருக்குமுங்க்கா."

"இருக்குமா? எண்ணிச் சொல்லுட்டி."

விரல் விட்டு எண்ணினேன். அம்பத்திரண்டு.

"அப்ப அரை இஞ்ச் கூட இருக்காது. ஆனா நெஞ்சு துடிக்க ஆரம்பிச்சாச்சு. கையி காலெல்லாம் மொட்டு வுட்டிருக்கும். நீ ஒண்ணும் செய்ய வேண்டாம், அதுபாட்டுக்கு வேலை பாக்குது."

ரெண்டு தடவை உண்டாகியும் உள்ள இருந்தது எப்படி இருக்கும்னு ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லை. கேக்கவும் தெரியலை. சுவத்துல எல்லாம் குடும்பக் கட்டுப்பாட்டுச் செவப்பு முக்கோணம் வரைஞ்சு, புள்ளை போதும் போதும்னு எழுதின காலம். வந்த புள்ளை எப்படி வளருதுன்னு மட்டும் எந்தச் சுவத்துலயும் எழுதலை.

அக்காவுக்கு எப்படித் தெரியும்னா, கோயமுத்தூர்ல ஒரு தடவை பொருட்காட்சி போட்டிருந்தாங்க. அதுல சுகாதாரத்துக்குன்னு ஒரு கொட்டாய். வயித்துப் புள்ளை மாசாமாசம் எப்படி இருக்கும்னு மண்ணுல செஞ்சு, சாயம் பூசி, பத்து பொம்மை வரிசையா வெச்சிருந்தாங்களாம். வீட்டுக்காரரும் நாலு புள்ளைங்களும் ராட்டினத்துல சுத்தறதுக்குப் போயிட்டாங்க. அக்கா அந்தக் கொட்டாய்க்குள்ள போனது, சாயந்திரம் படுதாவை இறக்கற வரைக்கும் வெளிய வரலை. பத்தையும் டேப்பு வெச்சு அளந்திருக்குது. தொடக்கூடாதுன்னு போர்டு போட்டிருந்தாங்களாம். "நான் தொடலட்டி, டேப்புதான் தொட்டுச்சு."

அங்க விளக்கம் சொல்லிட்டிருந்த டாக்டரம்மாகிட்டச் சண்டையும் போட்டிருக்குது. நாலாம் மாசம் வரைக்கும் தலையில இருந்து புட்டம் வரைக்கும் அளந்து அஞ்சு இஞ்ச்னு எழுதிட்டு, அஞ்சாம் மாசம் காலையும் நீட்டி அளந்து பத்து இஞ்ச்னு எழுதியிருந்தாங்களாம். "நாலு மாசம் உக்கார வெச்சு அளந்துட்டு, அஞ்சாம் மாசம் நிக்க வெச்சு அளந்தா எப்படிம்மா? எங்க கம்பெனில இப்படி அளந்தா சரக்கு மொத்தமும் திரும்பி வந்துரும்." சின்னதுல கால் மடங்கியே இருக்கும், நீட்டி அளக்க முடியாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்களாம். அக்கா அதை ஏத்துக்கவே இல்லை.

"நாலு பெத்தேன்ட்டி,"ன்னு அடிக்கடி சொல்லும். "ஒரு பனியன் எப்படித் தைக்காங்கன்னு கேளு, பதினாலு வேலை வரிசையாச் சொல்லுதேன். நாலு புள்ள என் வயித்துக்குள்ள செஞ்சதுதான். எப்படிச் செஞ்சேன்னு கேட்டா ஒரு வேலை தெரியல. வெக்கக்கேடு."

எனக்கு மூணாம் மாசம் முடிஞ்ச அன்னைக்கு அக்கா ஒரு தீப்பெட்டியைக் கையில குடுத்துச்சு. தெறந்து பாத்தா உள்ள ஒரு பனியன். என் கட்டைவிரல் நகம் ரெண்டு சேத்து வெச்சா எவ்வளவோ அவ்வளவுதான். கழுத்து, கை, தோள் எல்லாம் வெச்சு, வெட்டுத் துண்டுல, மத்தியானச் சோத்து நேரத்துல டைலர் எந்திரிச்சுப் போனப்ப மிஷின்ல உக்காந்து அக்கா தைச்சது.

"மூணு இஞ்ச் புள்ளைக்கு இதுதான் சைஸு. வெரலெல்லாம் பிரிஞ்சாச்சு. இனி நகம் வரும்."

நான் பதறிப் போனேன். எங்க சாதிசனத்துல, புள்ளை பொறக்கறதுக்கு முன்னால அதுக்குத் துணி எடுக்கவோ தைக்கவோ மாட்டாங்க. தொட்டில் கட்ட மாட்டாங்க. பொறந்ததும் பழைய வேட்டித் துணிலதான் சுத்துவாங்க. "அய்யோ, ஆகாதுங்க்கா"ன்னேன்.

"புதுத் துணியா இது? வேஸ்ட்டு. அதுவும் போட்டுக்கறதுக்கு இல்ல, சாம்பிளு. சாம்பிள யாரு போடுவா?"

எடுத்துட்டு வந்தேன். துணிப்பொட்டில, கல்யாணச் சேலைக்கு அடியில வெச்சுட்டேன். யாரும் இல்லாதப்ப எடுத்துப் பாப்பேன். என் வயித்துல இருக்கறதுக்குத் தோள்பட்டை இருக்குதுன்னு அப்பத்தான் மனசுல பட்டுச்சு.

நாலாம் மாசத்துல ஒரு நாள் எங்க அத்தை, அதாவது எங்க மாமியார், சேலைகளை வெயில்ல போடப் பொட்டியைத் தெறந்திருக்காங்க. தீப்பெட்டி. உள்ள ரெண்டு நக அளவுல ஒரு சட்டை. ரெண்டு புள்ளை தங்காத வீட்டுல அதைப் பாத்தா என்ன நெனப்பாங்க? செய்வினைன்னு முடிவே பண்ணிட்டாங்க. யாரோ பொம்மைக்குப் போட்டு மந்திரிச்சு, சட்டையை மட்டும் பொட்டில வெச்சுட்டுப் போயிட்டாங்கன்னு கத்தி, வேப்பிலையில வெச்சு ஏந்திக்கிட்டு மாகாளியம்மன் கோயில் பூசாரிகிட்ட ஓடியிருக்காங்க.

அந்தப் பூசாரி செவ்வாய் வெள்ளி மட்டுந்தான் குறி சொல்லுவார். மத்த நாள் எங்க கம்பெனில கட்டிங் மாஸ்டர்.

அவர் தீப்பெட்டியை வாங்கி, பனியனை உள்பக்கம் வெளிப்பக்கம் திருப்பிப் பாத்துட்டு, "செய்வினை இல்லீங்க ஆத்தா"ன்னு சொல்லியிருக்கார்.

"எப்படிங்க சாமி சொல்றீங்க?"

"ஓரம் பிரியாம ஓவர்லாக் அடிச்சிருக்குதுங்க. செய்வினை வெக்கறவன் கழுத்துப்பட்டி வெச்சு, ஓவர்லாக் அடிச்சா வெப்பானுங்க? துணியும் நம்ம கம்பெனித் துணி. போன மாசம் நான்தான் வெட்டினேன். இத்தனூண்டுல ரெண்டு கையும் ஒரே அளவா இருக்குது பாருங்க, இது அந்த டேப்புக்காரி வேலைங்க."

அடுத்த நாள் அத்தை கம்பெனிக்கே வந்துட்டாங்க. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. எங்க பக்கத்துச் சண்டை மரியாதையாத்தான் ஆரம்பிக்கும்.

"ஏனுங்க, நீங்க நல்லா இருக்கோணும். எங்கூட்டு மருமவ வவுத்துல கெடக்கறதுக்குத் துணி தெக்கச் சொல்லி உங்களை ஆருங்க கேட்டது?"

"நான் துணி தைக்கலம்மா. அளவு எடுத்தேன்."

"கண்ணுல பாக்காததுக்கு என்னங்க அளவு?"

"நான் பாத்திருக்கேன்"னு சொல்லி அக்கா டேப்பைக் கழட்டிப் பலகையில நீட்டி வெச்சுச்சு. இது ரெண்டு மாசம், இது மூணு, இது நாலுன்னு விரலை வெச்சு வெச்சுக் காட்டுச்சு. அத்தை நின்னுக்கிட்டே பாத்தாங்க. அப்புறம் உக்காந்தாங்க. ரொம்ப நேரம் டேப்பையே பாத்துட்டு, குரலை இறக்கிக் கேட்டாங்க.

"எனக்கு மொதல்ல ஒண்ணு ரெண்டு மாசத்துல போச்சுங்க. அது எவ்வளவு இருந்திருக்குமுங்க?"

அக்கா அத்தையோட கையைப் புடிச்சு, கட்டைவெரல் நுனியில பாதியைத் தொட்டுக் காட்டுச்சு. "இவ்வளவுதாம்மா."

"அவ்வளவுதானுங்களா?" அத்தை விரலையே பாத்துட்டு இருந்தாங்க. "நாப்பது வருசமா நான் பெரிய புள்ளையா நெனச்சு அழுதுட்டிருந்தேனுங்க."

அப்புறம் அத்தை முந்தானையில மூஞ்சியைத் தொடைச்சுட்டு, என் வயித்துப் பக்கம் தலையை ஆட்டி, "இது இப்ப எவ்வளவுங்க?"ன்னாங்க.

"அஞ்சு இஞ்ச். உக்கார வெச்சு."

அதுக்கப்புறம் மாசம் பொறந்தா அத்தையே கேட்டு விடுவாங்க. "அந்தக்காளைக் கேட்டுட்டு வா அம்மிணி." ஆனா பனியன் மட்டும் வீட்டு வாசப்படி தாண்டக் கூடாதுன்னு கண்டிசனாச் சொல்லிட்டாங்க. அக்காவும் சரின்னு, தைச்சதையெல்லாம் கம்பெனில ஒரு அட்டைப்பெட்டில போட்டு வெச்சுச்சு. ஆறாம் மாசம், "இனி காது கேக்கும், மருமவளைத் திட்டுதத மெதுவாத் திட்டுங்கன்னு உங்க அத்தைகிட்டச் சொல்லு"ன்னு சொல்லி அனுப்புச்சு. நான் சொல்லலை. ஆனா சிரிப்புத் தாங்கலை.

ஏழாம் மாசத்துல ஒரு நாள் காலைல எனக்கு அசைவு தெரியலை. முந்தின நாள் சோறுண்டப்ப நல்லா இருந்துச்சு. எந்திரிச்சதுல இருந்து ஒண்ணுமில்லை. அத்தைகிட்டச் சொல்லப் பயந்துக்கிட்டு வேலைக்கு வந்துட்டேன். பலகைல உக்காந்ததும் அக்கா என் மூஞ்சியைப் பாத்துருச்சு.

"என்னட்டி?"

"அசையலீங்க்கா. இருக்குதோ என்னமோ. இந்த மிஷின் அதிர்றதா, அது அதிர்றதான்னு வெளங்கலீங்க."

ஒரே மோட்டாருல ஷாஃப்ட்டுன்னு நீளமா இரும்புத்தண்டு ஓடும், அதுல பெல்ட்டு மாட்டிப் பத்து மிஷின். அதோட அதிர்வு பலகை, தரை, உக்காந்திருக்கற உடம்பு எல்லாத்துலயும் ஏறும். அக்கா நேரா முதலாளிகிட்டப் போச்சு.

"மோட்டாரை நிப்பாட்டுங்க."

"எதுக்குங்க? சாயந்திரம் லாரி வருது."

"இவ வயித்துப் புள்ள அசையுதான்னு பாக்கணும்."

அத்தனை ஆம்பளைங்க முன்னால சொல்லிருச்சு. எனக்கு அந்தச் சிமென்ட்டுத் தரை பொளந்து உள்ள போயிரலாம்னு இருந்துச்சு. முதலாளி நல்லவர்தான், ஆனா கட்டி வெச்ச லாரிச் சரக்கைத் திரும்பிப் பாத்தார். கட்டிங் மாஸ்டர் கத்திரியை வெச்சுட்டுப் போயி, யாரையும் கேக்காம சுவிச்சை இறக்கிட்டார். "குறி கேக்கறப்ப நான் மணியையே நிறுத்திருவேனுங்க முதலாளி"ன்னார்.

பெல்ட்டு மெதுவாகி மெதுவாகி நின்னுச்சு. அந்தக் கம்பெனில பகல்ல அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை. டைலருங்க எல்லாரும் மிஷின் மேல கையை வெச்சபடி தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. என்னை வெட்டுத் துணிக் குவியல்ல இடதுபக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, அக்கா வயித்து மேல கையை வெச்சுச்சு.

ஒண்ணுமில்லை.

முதலாளி தனக்கு வாங்கி வெச்சிருந்த கலர் சோடாவைக் கொண்டாந்து குடுத்தார். குடிச்சேன். அப்பவும் ஒண்ணுமில்லை.

"எத்தனை நிமிசம் பாக்கோணுங்க்கா?"

அக்கா கையை இன்னொரு பக்கம் நகத்தி வெச்சுச்சு. அப்புறம் சொல்லுச்சு, "தெரியலட்டி."

எனக்குத் தெரிஞ்சு அந்தக்கா ஒரு அளவு தெரியலைன்னு சொன்னது அன்னைக்குத்தான்.

"பொருட்காட்சில சொல்லலீங்களா?"

"அங்க இருந்த பத்தும் மண்ணுட்டி. ஒண்ணும் அசையாது."

கண்ணை மூடிக்கிட்டேன். முருகா முருகான்னு சொல்லக்கூட வரலை. போன ரெண்டையும் நெனச்சேன். அப்ப, உள்ள இருந்து ஒரு உதை. சும்மா இல்லை, அக்காவோட கையே எகிறிருச்சு.

"வலப்பக்கம்! தொப்புளுக்கு ரெண்டு இஞ்ச் மேல!"ன்னு அக்கா கத்துன கத்து தெருவுக்கே கேட்டிருக்கும். தலையைக் குனிஞ்சிருந்த டைலருங்க அப்படியே குனிஞ்சுக்கிட்டே சிரிக்கறாங்க. ஒருத்தர் கண்ணைத் தொடைச்சார். இன்னொரு உதை, அப்புறம் இன்னொண்ணு.

"சத்தத்துலயே வளந்தது. நின்னதும் என்னாச்சுன்னு கேக்குது"ன்னு அக்கா சொல்லுச்சு.

"அதுக்கே பொறுக்கலையில்ல? மோட்டாரைப் போடுங்க"ன்னார் முதலாளி.

அதோட விடாம அக்கா அன்னைக்கே என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போச்சு. நர்சம்மா புனல் மாதிரி ஒண்ணை வயித்துல வெச்சுக் கேட்டுட்டு, நல்லா இருக்குதுன்னு சொன்னாங்க. "அசைவு தெரியலைன்னா உடனே இங்க வரோணும். கம்பெனில படுத்துக்கிட்டு மோட்டாரை நிறுத்திப் பாப்பீங்களா?"ன்னு அக்காவை நல்லாப் புடிச்சுத் திட்டினாங்க. அக்கா ஒரு வார்த்தை எதுத்துப் பேசலை. டேப்போட நுனியைத் திருகிக்கிட்டு நின்னுச்சு. அதுவும் நான் பாத்திராத காட்சி.

பொண்ணு பொறந்தா. மாசம் நெறஞ்சு, சுகப்பிரசவம். அத்தை பழைய வேட்டித் துணியில சுத்தி மடியில வெச்சிருந்தாங்க. அக்கா வந்ததும் டேப்புப் பக்கம் கை போச்சு.

"பச்சைப் புள்ளையை அளக்கக் கூடாதுங்க. கண்ணு பட்டுரும்."

"நான் அளக்கலம்மா. சும்மா பாக்குதேன்."

அத்தை அக்காவை ஒரு பார்வை பாத்தாங்க. புள்ளையை என் பக்கத்துல படுக்க வெச்சுட்டு எந்திரிச்சாங்க. "நான் சுடுதண்ணி வாங்கியாரப் போறேனுங்க. வர்றதுக்குள்ள முடிச்சுப் போடுங்க."

பத்தொம்பதே கால் இஞ்ச். பொருட்காட்சி பொம்மைக்கு முக்கா இஞ்ச் கொறைச்சல்னு அக்காவுக்கு ஒரு சின்ன வருத்தம். பொம்மையைத்தான் தப்பாச் செஞ்சிருக்காங்கன்னு பிற்பாடு முடிவுக்கு வந்துருச்சு. அத்தை சுடுதண்ணியோட உள்ள வந்ததும் கேட்ட முதல் வார்த்தை, "எவ்வளவுங்க?"

அக்கா போயிப் பல வருசமாச்சு. மேல எழுதின அளவெல்லாம் அக்கா வாயால கேட்டு என் நெனப்புல தங்கினதுதான். எந்த மாசத்துல விரல் பிரியுது, எப்பக் காது கேக்குது, எத்தனை இஞ்ச்னு டாக்டருக்குப் படிச்சவங்க யாராவது பாத்துத் தப்பைத் திருத்தோணும். வயித்துப் புள்ளைக்காரிங்க என் எழுத்தை நம்பிக்கிட்டு இருந்துறக் கூடாது.

இன்னொண்ணும் தெரியோணும். அன்னைக்கு மோட்டாரு எவ்வளவு நேரம் நின்னுச்சு? முதலாளி கடைசி வரைக்கும் அரை மணி நேரம்னு சொன்னார். கட்டிங் மாஸ்டர் பத்து நிமிசம்னார். டேப்பக்காவைக் கேட்டா, "அன்னைக்கு நான் எதையும் அளக்கலட்டி"ன்னு சொல்லிருச்சு. எனக்குக் கண்ணை மூடினதுதான் தெரியும். அந்தக் கம்பெனில அன்னைக்கு வேலைக்கு வந்திருந்தவங்க யாராவது இதைப் படிச்சா, சரியா எவ்வளவு நேரம்னு எழுதிப் போடுங்க. எம் மக கேக்கறா.